முன்னுக்கு வந்தவர்

என் வீட்டுக்காரரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும். வேறு யாராவது எழுதினால் "ரொம்ப நல்ல மனுஷன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நல்ல மனுஷன்தான், நான் இல்லை என்றேனா? ஆனால் அந்த நல்ல மனுஷனோடு ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போய்ப் பாருங்கள். தெரிந்தவர், தெரியாதவர், தெரிந்தவர் மாதிரி இருப்பவர் என்று எல்லோரிடமும் நின்று பேசிவிட்டு, கடைக்காரர் ஷட்டரை இழுக்கும்போதுதான் போய்ச் சேர்வார். "விடும்மா, கடை எங்க ஓடிடப் போகுது?" என்பார். எனக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறும்.

பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறார். பட்டன் பலகைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடக்கும். அவர் உட்காருவதற்காகக் கொடுத்தது. அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. முடியாதவர்கள் யாராவது ஏறினால் அவர்களை அதில் உட்கார வைத்துவிடுவார். கூட்டம் ஏறினால் இவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார். கதவு திறந்ததும் "மேலயா, கீழயா?" என்று கேட்பார். பிரசவ வார்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு குரல், ரிப்போர்ட் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் வேறு குரல். கேட்டுக் கேட்டு அவருக்கு மேலயா என்றே பேர் நிலைத்துவிட்டது. பெரிய டாக்டருக்கும் அவர் மேலயாதான்.

"உன் வீட்டுக்காரர் முன்னுக்கு வரவே இல்லையேடி" என்று என் பெரியம்மா மகள் ஒரு தடவை அங்கலாய்த்தாள்.

"அவரு தினமும் எட்டாவது மாடி வரைக்கும் போயிட்டு வர்றாரு. உங்க வீட்டுக்காரர் எந்த மாடி வரைக்கும் போனாருக்கா?" என்று கேட்டேன்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். பாடப் புத்தகம், அழைப்பிதழ், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற காகிதம், எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் எழுத்துப் பிழையோடு நிறுத்திக்கொள்வேன். எழுதியவர் உளறியிருந்தால் அது அவர் பாடு, கருத்தில் கை வைக்க மாட்டேன். இந்தக் குணத்துக்காகவே எங்கள் பேட்டை நாடகக் குழுவில் வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. மேடையின் பக்கத் தட்டிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டே போவேன். யாராவது மறந்து முழித்தால் கிசுகிசுவென்று எடுத்துக் கொடுப்பேன். எழுதியிருப்பது எழுதியிருக்கிறபடி.

நூலகத்து மாடி ஹாலில்தான் ஒத்திகை, நாடகம் எல்லாம். எழுதுவதும் நடத்துவதும் வாத்தியார். பரீட்சையில் தேறாத பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி வகுப்பு நடத்துகிறவர், தமிழ் வாத்தியார். வகுப்பு வாசலில் "வெற்றி நிச்சயம்" என்று ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருக்கிறார். அதை எழுதியபோது "நிச்சயம்" என்பதில் 'ச்' விட்டுப்போயிருந்தது. நான்தான் சொன்னேன். அன்றிலிருந்து அவருக்கு என்மேல் மரியாதையும் உண்டு, கொஞ்சம் கடுப்பும் உண்டு.

இவர் அந்தக் குழுவில் பல வருஷமாகத் திரை இழுத்துக்கொண்டிருந்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லோருடைய வசனத்தையும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருப்பார். ஒரே ஒரு தடவை போலீஸ்காரர் வேஷம் கிடைத்தது. "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று ஒரே வசனம். அதை ஒரு மாதம் வீட்டில் சொல்லிப் பார்த்தார். நான் அடுப்படியில் எங்கே நின்றாலும் தள்ளி நிற்க வேண்டியிருந்தது. உள்ளூர ஒரு ஆசை, வாய் நிறைய வசனம் பேசுகிற மாதிரி ஒரு வேஷம் கட்ட வேண்டும் என்று. வாய் திறந்து கேட்கிற ஆள் இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றே சந்தோஷமாக இருந்துவிடுவார். அதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமை.

போன வருஷம் வாத்தியார் "மேல்படி" என்று புதிதாக ஒரு நாடகம் எழுதினார். ஓர் அண்ணன், ஒரு தங்கை, ஒரு தம்பி. அண்ணன் பெரிய கம்பெனி முதலாளி. நாலு பேர் நிமிர்ந்து பார்த்தால்தான் அவனுக்கு வெற்றி, பார்க்காவிட்டால் சாப்பாடே இறங்காது. தங்கைக்கு ஜெயிக்கிறவன் யாரோ அவன்தான் கூடப்பிறந்தவன். முதல் காட்சியில் அண்ணன் பக்கத்து நாற்காலியில் இருப்பாள், அண்ணன் தொழில் ஆட்டம் கண்டதும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தம்பி பக்கம் போவாள், நிமிர்ந்ததும் திரும்பத் தூக்கிக்கொண்டு வருவாள். அந்த இடம் நன்றாக எழுதியிருந்தார், ஒப்புக்கொள்கிறேன். தம்பிக்கு ஜெயிக்கிறது தோற்கிறது என்ற யோசனையே கிடையாது. சைக்கிள் கடை வைத்திருக்கிறான், பஞ்சர் ஒட்டுகிறான், சிரிக்கிறான். அவன் கடைசிக் காட்சியில் அண்ணன் காலில் விழுந்து கதறி அழுது, "அண்ணே, நான் தோத்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். அண்ணன் தூக்கி நிறுத்தி ஒரு வேலை போட்டுக் கொடுப்பான். ஜனங்கள் கண்ணைத் துடைக்கும்போது திரை விழும். இதுதான் வாத்தியாரின் ஏற்பாடு.

இன்னொன்று சொல்ல வேண்டும். அண்ணனுக்கு மட்டும் சுத்தமான செந்தமிழ், தம்பிக்குப் பேச்சுத் தமிழ். பணம் வந்தால் தமிழும் சுத்தமாகிவிடும் என்று வாத்தியாருக்கு ஒரு நம்பிக்கை. அண்ணன் வேஷம் கட்டியவர் பேங்க் மேனேஜர். நிஜத்தில் நல்ல பணம் பார்த்தவர், வீட்டில் நம்மைப் போலத்தான் பேசுவார். அந்தச் செந்தமிழ் அவர் வாயில் நுழையாமல் படாத பாடு பட்டார்.

தம்பி வேஷம் இவருக்கு வந்தது. அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே முகமெல்லாம் பல்.

"வாத்தியார் என்ன சொன்னாரு தெரியுமா? நான் நடிக்கவே வேண்டாமாம். நான் நானா நின்னாலே போதுமாம். அவ்ளோ பொருத்தமா இருக்காம்."

எனக்குச் சுருக்கென்றது. ஏற்கெனவே நாடகத்தைப் படித்திருந்தேன். தோற்றுப்போனவன் வேஷத்துக்கு என் வீட்டுக்காரர் நடிக்கவே வேண்டாமா? தட்டைக் கொஞ்சம் வேகமாகத்தான் வைத்தேன்.

"ஏன் கோவம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க." அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட எனக்கு மனசு வரவில்லை.

ஒத்திகையில் முதல் தகராறு நிற்கிற இடம். சைக்கிள் கடை மேடையின் பின்பக்கம் இருந்தது. சுவரோடு ஒட்டிப் பழகிய மனுஷன், அங்கே போய் சக்கரத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வார். "முன்னுக்கு வாங்க மேலயா" என்று வாத்தியார் கத்துவார். இவர் ஒரு அடி வருவார். "இன்னும் முன்னுக்கு வாங்க." கடைசியில் மேடை விளிம்பில் வெள்ளை டேப்பால் ஒரு கோடு ஒட்டி, "முன்னுக்கு வாங்கன்னு சொன்னா இந்தக் கோட்டுக்கு வந்துடணும், புரியுதா?" என்று பழக்கினார். இவர் பழகிவிட்டார். வீட்டில்கூட ஒரு நாள் நான் சும்மா, "கொஞ்சம் முன்னுக்கு வாங்க, பெருக்கணும்" என்றதும் விறுவிறுவென்று வாசல்படி வரைக்கும் போய் நின்றார்.

அதைவிடப் பெரிய தகராறு கடைசி வரி. இவர் சொன்னால், "அண்ணே, ஒரு டீ சொல்லட்டுமா" என்கிற மாதிரி இருக்கும். அழுகை வரவில்லை.

"எதுல தோத்தேன் வாத்தியாரே?" என்று ஒரு நாள் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"வாழ்க்கையிலய்யா."

"வாழ்க்கைலதான். ஆனா எதுல? கடை நடக்குது. சக்கரம் சுத்துது. அண்ணனும் வீடு தேடி வந்துட்டாரு."

மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டார். வாத்தியாருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "இதை இன்னும் நாலு ஊர்ல போடப் போறோம். ஞாயித்துக்கிழமை மேடையில அந்த வரி சரியா வரணும். வரலேன்னா மத்த ஊருக்கெல்லாம் மருந்துக்கடைக்காரர் நடிப்பாரு, நீங்க பழையபடி கயித்தைப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார். மருந்துக்கடைக்காரர்தான் இப்போது திரை இழுக்கிறவர். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே தொண்டையைச் செருமினார்.

அன்று வீடு வரும் வழியில் இவர் யாரோடும் நின்று பேசவில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து லிஃப்ட்டிலேயே பயிற்சி. ஆள் இல்லாத நேரத்தில் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஐந்தாவது மாடியில் கதவு திறந்தபோது "நான் தோத்துட்டேன்" என்று கையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வெளியே ஒரு அம்மாள், மகனுக்கு ஆபரேஷன் முடிந்து வந்தவர். இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் சரியாயிடும் தம்பி, மனசை விட்டுடாதீங்க" என்று அழுதிருக்கிறார். மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. கேண்டீனில் டீக்குக் காசு வாங்கவில்லை. பெரிய டாக்டர் லிஃப்ட்டை நிறுத்தி, "மேலயா, வீட்டுல எதுவும் பிரச்சினையா?" என்று கேட்டாராம். நர்ஸ் ஒருத்தி எனக்கே போன் போட்டு, "அக்கா, அண்ணனோட சண்டையா?" என்று கேட்டாள்.

"சண்டை இல்லம்மா, நாடகம்" என்றேன். அவள் நம்பினாளோ இல்லையோ.

இவரோ சாயங்காலம் வந்து, "எத்தனை பேர் விசாரிச்சாங்க தெரியுமா" என்று பூரித்துப்போய்ச் சொன்னார். இந்த மனுஷனிடம் போய்த் தோற்றுவிட்டதாக ஒத்துக்கொள்ளச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஹால் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்காரர்கள். இரண்டாவது வரிசையில் எங்கள் மகள், பக்கத்தில் அவள் மாமியார். சம்பந்தியம்மாவை ஏன்டி கூட்டிக்கொண்டு வந்தாய் என்று மகளைக் கண்ணாலேயே கேட்டேன். அவள் கையாட்டினாள். சம்பந்தியம்மா முன்னால் என் வீட்டுக்காரர் காலில் விழுந்து அழ வேண்டும். அழாவிட்டால் கயிறு. இரண்டில் எது நடந்தாலும் எனக்குத்தான் தாங்காது.

நாடகம் நன்றாகவே போனது. தங்கை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது நல்ல சிரிப்பு. அடுத்துக் கடைசிக் காட்சி வந்தது. பின்பக்கம் இவர் சக்கரத்தோடு குனிந்திருக்கிறார். மேனேஜர் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் வெளிச்சத்தில் நிற்கிறார். அவர் சொல்ல வேண்டியது, "தம்பி, என்றுதான் நீ உயரப் போகிறாய்?" அந்த இடத்தில் மேனேஜர் முழித்தார்.

நான் எடுத்துக் கொடுத்தேன். கேட்கவில்லை. மறுபடி கொடுத்தேன். யாரோ ஒரு குழந்தை அழ, என் குரல் அதில் அமுங்கிப்போயிற்று. மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, செந்தமிழையெல்லாம் உதறிவிட்டு, அவர் வீட்டில் பேசுகிற மாதிரியே போட்டார் ஒரு போடு.

"டேய், நீ எப்பத்தான்டா முன்னுக்கு வரப்போற? முன்னுக்கு வாடா."

இவர் சக்கரத்தைக் கீழே வைத்தார். எழுந்தார். விறுவிறுவென்று நடந்து வந்து வெள்ளை டேப் கோட்டின்மேல் நின்றார்.

ஹால் அதிர்ந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எதிர்த் தட்டிக்குப் பின்னால் வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தாளைப் புரட்டுகிறேன், புரட்டுகிறேன், இதற்கு அடுத்த வரி எங்கே இருக்கிறது? எழுதினால்தானே இருக்கும்.

"எங்கடா வந்தே?" என்றார் மேனேஜர், பாவம், வேறு என்ன கேட்பார்?

"முன்னுக்கு வந்துட்டேண்ணே. நீங்கதானே வரச் சொன்னீங்க."

இன்னும் சிரிப்பு. இவர் கண்ணுக்கு மேல் கையை வைத்து ஹாலைப் பார்த்தார். ஒத்திகையில் விளக்குப் போட்டதில்லை. மேடை விளிம்பில் அந்த வெளிச்சத்தில் அவர் நின்றதே அன்றுதான்.

"அண்ணே, இங்க வெளிச்சம் கண்ணைக் கூசுது" என்றார். நடிக்கவில்லை, நிஜமாகவே சொன்னார். "எதிர்ல இருக்கற ஒருத்தர் மூஞ்சியும் தெரியல. எப்படிண்ணே எப்பவும் இங்கயே நிக்கிறீங்க?"

சிரிப்பு மெல்ல அடங்கிப்போயிற்று. மேனேஜர் கோட்டுப் பித்தானைத் தடவினார்.

"பழகிப்போச்சுடா" என்றார். அது நாடகத்தில் இல்லை. அண்ணன் சொன்னதா, பேங்க் மேனேஜர் சொன்னதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"வாங்க, கொஞ்ச நேரம் பின்னாடி வந்து உட்காருங்க." லிஃப்ட்டில் முடியாதவர்களை அழைக்கிற அதே குரல். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கடை முக்காலியில் உட்கார வைத்தார். மேனேஜரும் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். இவர் பம்பை எடுத்தார். எடுத்துவிட்டு, என் பக்கம் பார்த்தார். கடைசி வரி வேண்டும். பதற்றத்தில் மறந்துவிட்டார்.

எதிர்த் தட்டியில் வாத்தியார் எழுந்து நின்று வாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். சொல்லச் சொல்லு, சொல்லச் சொல்லு. என் விரல் அந்த வரியில்தான் இருந்தது. "அண்ணே, நான் தோத்துட்டேன்." கொடுக்காவிட்டால் இவருக்கு இந்த வேஷம் போச்சு. கொடுத்தால், இத்தனை பேர் சிரித்துக் கொண்டாடிய மனுஷனை என் வாயாலேயே தோற்றவன் ஆக்க வேண்டும். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. வாத்தியார்மேலா, பெரியம்மா மகள்மேலா, தெரியவில்லை.

ஆயிரம் புத்தகம் என் கையைத் தாண்டிப் போயிருக்கிறது, ஒன்றிலும் நான் கருத்தில் கை வைத்ததில்லை. ஆனால் என் தொழில் பிழை திருத்துவது. அங்கே ஒரு பிழை இருந்தது. திருத்தினேன்.

"அண்ணே, நான் தோத்துட்டேனாம்" என்று எடுத்துக் கொடுத்தேன்.

நான் கொடுத்தால் அதை அப்படியே வாங்கிக்கொள்கிற மனுஷன். சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டே, டீ சொல்லட்டுமா என்கிற அதே குரலில் சொன்னார்.

"அண்ணே, நான் தோத்துட்டேனாம்."

மேனேஜர் முக்காலியில் இருந்தபடியே அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டார். "யாருடா சொன்னது?" என்றார்.

அதற்கு நான் வரி கொடுக்கவில்லை. இவர் தோளைக் குலுக்கிவிட்டு இன்னும் இரண்டு தரம் காற்றடித்தார். கைதட்டல் அப்படி எழுந்தது. காலில் விழுகிற இடத்துக்காகக் காத்திருந்த மருந்துக்கடைக்காரர், இனி இவர் விழ மாட்டார் என்று தெரிந்து திரையை இழுத்துவிட்டார்.

பின்பக்கம் இவரைச் சுற்றி ஒரே கூட்டம். "சம்பந்தி, விலா நோகுது போங்க. எங்க வீட்டுலயும் ஒருத்தர் வெளிச்சத்துலயேதான் நிக்கிறாரு, அவரையும் கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றார் சம்பந்தியம்மா. மகள் அப்பாவின் தோளைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நிறையட்டும், அதில் என்ன வெட்கம்?

வாத்தியார் நேராக என்னிடம் வந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். அவர் எழுதியது எழுதியபடியே இருந்தது.

"இதுல 'ஆம்' எங்கேயும் காணோமே" என்றார்.

"விட்டுப்போயிருந்தது" என்றேன். "உங்க பலகையில 'ச்' விட்டுப்போன மாதிரி."

என்னை உற்றுப் பார்த்தார். தமிழ் வாத்தியார் ஆயிற்றே, ஒரு 'ஆம்' என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா? சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். வரியின் கடைசியில் இருந்த 'ன்'னை அடித்துவிட்டு 'னாம்' என்று எழுதினார்.

"அடுத்த ஊர்ல மேலயாவை அந்த 'ஆம்'மை இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொல்லச் சொல்லுங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாங்கள் நடந்தே வீட்டுக்குப் போனோம். வெயில் தாழ்ந்திருந்தது. இவர் பழையபடி ஒவ்வொருவரிடமும் நின்றார். பழக்கடைக்காரரிடம், செருப்புத் தைக்கிறவரிடம், யாரென்றே தெரியாத ஒரு சைக்கிள்காரரிடம். நான் ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. எங்கள் தெரு முனையில் அவராகவே நின்றார்.

"ஏம்மா, அந்தக் கடைசி வரி, 'தோத்துட்டேனாம்'னு இருந்ததா? நான் இத்தனை நாளா 'தோத்துட்டேன்'னுல்ல சொல்லிட்டிருந்தேன்."

"அப்படித்தான் இருந்துச்சு. வேணும்னா தாளைப் பாருங்க."

வீட்டுக்குப் போனதும் நன்றாக விளக்குப் போட்டுத் தாளைப் பார்த்தார். வாத்தியாரின் கையெழுத்திலேயே இருந்தது.

"நல்லா எழுதியிருக்காரு மனுஷன்" என்றார். "நான்தான் சரியாப் படிக்கல."